ஊசி, செம்புக்கம்பி, மாத்திரை அட்டை: விமான மாடலுக்கு நுணுக்கம் சேர்ப்பது எப்படி?

உங்க மேஜை மேல 1/72 அளவுல ஒரு மிக்-21 மாடல் இருக்குன்னு வைங்க. இறக்கை நுனியில இருந்து நுனி வரைக்கும் சுமார் 10 சென்டிமீட்டர்தான். நிஜ விமானத்துல அது 7.15 மீட்டர். கணக்கு சரியா இருக்கு. இப்போ அந்த மாடலோட சக்கரக் கதவைக் கவனிங்க. பிளாஸ்டிக் வார்ப்பு கிட்டத்தட்ட 1 மி.மீ. தடிமன் இருக்கும். அதை 72-ஆல பெருக்குங்க. 72 மி.மீ. வருது, ஏறக்குறைய மூணு அங்குலம்! அந்தக் கதவை பேங்க் லாக்கருக்கு மாட்டலாம், விமானத்துக்கு மாட்ட முடியாது.

கிட் தயாரிக்கிற கம்பெனி மேல தப்பு இல்லை. உருகின பிளாஸ்டிக் அச்சுக்குள்ள ஓடணும், ஆறினதும் உடையாம வெளிய வரணும். அதுக்கு ஒரு குறைந்தபட்ச தடிமன் வேணும். அதனால எந்த கிட்டை வாங்கினாலும் சில பாகங்கள் தடியா இருக்கும், சில பாகங்கள் வெறும் புடைப்பா இருக்கும், சிலது இருக்கவே இருக்காது. அந்தப் பாகங்களை நாமே கம்பி, தகடு, குழாய் வெச்சு செஞ்சு சேர்க்கிறதுதான் ஸ்க்ராட்ச் பில்டிங். ரெடிமேடா பித்தளைத் தகடு, ரெசின் பாகம் எல்லாம் விற்கிறாங்க. ஆனா பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. சில சமயம் கிட்டோட விலையையே தொட்டுடும். ஹாஸ்டல் மெஸ் பில் கட்டுற நமக்கு அது சரிப்படாது. இந்தக் கட்டுரையில சொல்ற சாமான் எல்லாமே நெல்லையிலயே கிடைக்கும்.

சொப்புக்கும் ஸ்கேல் மாடலுக்கும் என்ன வித்தியாசம்?

நம்ம பக்கத்துப் பிள்ளைங்க கையில முதல்ல வந்த மினியேச்சர் எது? அம்பாசமுத்திரம் மரச் சொப்பு சாமான்தான். கடைசல்ல சுத்தவிட்டு, அரக்குச் சாயம் ஏத்தி, உள்ளங்கைக்குள்ள ஒரு சமையல்கட்டையே அடக்கிடுவாங்க. ஆனா சொப்புல அளவுக் கணக்கு கிடையாது. அம்மி பானையை விடப் பெரிசா இருந்தாலும் யாரும் கேட்க மாட்டாங்க. சாயல் இருந்தா போதும்.

ஸ்கேல் மாடல்ல சாயல் மட்டும் பத்தாது, விகிதம் வேணும். 1/72-ங்கிற விகிதமே ஆறு அடியை ஒரு அங்குலமாச் சுருக்குறதுல இருந்து வந்தது. 1/48-ல ஒரு அடி கால் அங்குலமாகும். 1942-ல அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் விமான மாடல்களை இதே 1/72 அளவில் மரத்தில் செய்து தரச் சொன்னது. அலங்காரத்துக்காக இல்லை. தூரத்துல வர்ற விமானம் எதிரியோடதா நம்மோடதான்னு மாலுமிகளுக்குப் பயிற்சி கொடுக்க. அளவு பிசகினா சொந்த விமானத்தையே சுட்டுடுவாங்க. பொழுதுபோக்குன்னு நாம சொல்றதுக்குப் பின்னால இப்படி ஒரு கதையும் இருக்கு.

எவ்வளவு சின்னது வரைக்கும் போகலாம்?

புதுசா ஆரம்பிக்கிறவங்க பெரும்பாலும் இங்கதான் குழம்புவாங்க. நிஜ விமானத்துல ஆயிரக்கணக்கான ரிவெட் இருக்கு. எல்லாத்தையும் செய்யணுமா?

பிசிக்ஸ் பதில் சொல்லும். சாதாரணக் கண்ணோட பிரித்தறியும் திறன் சுமார் 1 ஆர்க் நிமிஷம். 30 செ.மீ. தூரத்துல பிடிச்சுப் பார்க்கும்போது அது 0.09 மி.மீ. அதைவிட நெருக்கமா இருக்கிற ரெண்டு புள்ளி கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும். 1/72-ல 0.09 மி.மீ. என்பது நிஜத்துல சுமார் 6 மி.மீ. 1/48-ல சுமார் 4 மி.மீ. அதாவது 1/72 மாடல்ல, நிஜத்துல 6 மி.மீ.க்குக் குறைவா இருக்கிற எதையும் தனியாச் செஞ்சு பிரயோஜனம் இல்லை. பெயின்ட் நிழலா காட்டிட்டுப் போயிடலாம். உங்க நேரத்தை எங்க செலவழிக்கணும்னு சொல்ற கோடு இது.

அந்தக் கோட்டுக்கு மேல இருக்கிறதுல எது முதல்ல கண்ணுல படும்? விளிம்புகள். கதவு ஓரம், இறக்கையின் பின் விளிம்பு, குழாய் முனை, ஆன்டெனா. வெளிச்சத்துக்கு எதிர்ல நிழலுருவமா தெரியுற எந்தப் பாகம் தடியா இருந்தாலும் "பொம்மை"ன்னு கண்ணு உடனே சொல்லிடும். அதனால முதல் வேலை சேர்க்கிறது இல்லை, தேய்க்கிறது. இறக்கையின் பின் விளிம்பை ஒட்டுறதுக்கு முன்னாடியே உள்பக்கமா 400 நம்பர் வாட்டர் பேப்பர்ல தேய்ச்சு மெலிசாக்குங்க. காசே இல்லாத வேலை. ஆனா மாடல் பாதி நிஜமாகிடும்.

கடைக்குப் போகலாம்

*மோட்டார் வைண்டிங் கடை.* எனாமல் பூசின செம்புக்கம்பி எடைக்குக் கிடைக்கும். கம்பி எவ்வளவு தடிமன்னு எஸ்.டபிள்யூ.ஜி. நம்பர்ல சொல்வாங்க. நம்பர் ஏற ஏற கம்பி மெலியும். 30 நம்பர் 0.315 மி.மீ., 36 நம்பர் 0.19 மி.மீ., 40 நம்பர் 0.12 மி.மீ. ஒரு விஷயம் கவனிச்சீங்களா? 36 நம்பர் கம்பியை 48-ஆல பெருக்கினாலும், 40 நம்பர் கம்பியை 72-ஆல பெருக்கினாலும் விடை சுமார் 9 மி.மீ. சக்கரத்துக்குப் போற பிரேக் குழாய் மாதிரி பாகங்களுக்குப் பொருத்தமான அளவு.

*மெடிக்கல் ஷாப்.* பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட்ல இதுக்குப் பஞ்சமா என்ன? ஊசி என்பது துல்லியமா இழுத்த துருப்பிடிக்காத எஃகுக் குழாய். 20 நம்பர் ஊசியின் வெளி விட்டம் 0.91, உள் விட்டம் 0.60 மி.மீ. 24 நம்பர்ல வெளி 0.57, உள் 0.31. இன்சுலின் சிரிஞ்ச்ல வர்ற 31 நம்பரின் வெளி விட்டம் 0.26. மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு வழுக்கிப் போகும். ஏன் இது முக்கியம்னு கீழே சொல்றேன். புது ஊசி மட்டும்தான் வாங்கணும். பயன்படுத்தின ஊசியைத் தொடவே கூடாது.

*வீட்டு அலமாரி.* காலியான மாத்திரை அட்டையோட பின்பக்க அலுமினியத் தாள் சுமார் 0.02 மி.மீ. தடிமன். 72-ஆல பெருக்கினா 1.4 மி.மீ. விமானத்தின் வெளித்தகடு எவ்வளவு இருக்குமோ, கிட்டத்தட்ட அதே அளவு. காய்ச்சலுக்குப் போட்ட மாத்திரையில உங்களுக்கு இலவசமா கிடைச்ச ஸ்கேல் தகடு!

*எலக்ட்ரானிக்ஸ் லேப்.* பி.சி.பி. துளை போடுற 0.5 முதல் 1.5 மி.மீ. வரைக்குமான டிரில் பிட், அதைப் பிடிக்க ஒரு பின் வைஸ். சால்டர் கம்பி நல்லா வளையும்கிறதால தடித்த குழாய்களுக்கு ஆகும். ஆனா ஈயம் இருக்கும். வேலை முடிஞ்சதும் கையைக் கழுவிட்டு பரோட்டாவைத் தொடுங்க.

*கிட் பெட்டியே.* பாகங்களைத் தாங்கி நிக்கிற சட்டத்தை ஸ்ப்ரூன்னு சொல்வாங்க. எல்லாரும் தூக்கிப் போடுற சமாச்சாரம். அது பாலிஸ்டைரின். சுமார் 100 டிகிரியில இளகும். ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேல (சுடருக்குள்ள இல்ல) சுத்திக்கிட்டே காட்டுங்க. பளபளன்னு தொய்ய ஆரம்பிச்சதும் வெளிய எடுத்து ஒரு விநாடி நிதானிச்சு ரெண்டு கையாலயும் இழுங்க. வேகமா இழுத்தா முடி மாதிரி இழை, மெதுவா இழுத்தா தடித்த கம்பி. ஆன்டெனா, கைப்பிடி, லீவர் எல்லாத்துக்கும் இது போதும். ஜன்னலைத் திறந்து வெச்சுச் செய்யுங்க, அந்தப் புகை நல்லதில்லை.

செய்முறை 1: மூக்குக் குழாய்

மிக்-21-க்கு அடையாளமே முன்னால ஈட்டி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற பிடாட் குழாய். கிட்ல வர்றது பிளாஸ்டிக். ஒண்ணு தடியா இருக்கும், இல்லைன்னா முதல் வாரத்துலயே உடையும். இங்கதான் அந்த மூணு ஊசி. 1/48 மாடல்னா 20 நம்பர் அடித்தண்டு, அதுக்குள்ள 24, முனையில 31. ஒரு சொட்டு ஃபெவிக்விக்கை ஊசி முனையால தொட்டு வெச்சா உள்ள இழுத்துக்கும். 1/72-க்கு 24, 31 ரெண்டு போதும்.

கட்டிங் பிளேயர்ல வெட்டாதீங்க, குழாய் நசுங்கிடும். சின்ன முக்கோண அரத்தால சுத்தி வரி போட்டு, மெல்ல வளைச்சா உடையும். கண்ணாடி போட்டுக்கோங்க, துண்டு தெறிக்கும். வெட்டி எடுத்த கூர்முனையைக் குப்பையில சும்மா போடாம ஒரு மூடி போட்ட டப்பாவுல சேர்த்து வைங்க. குப்பை அள்ளுறவங்க கையும் கைதானே.

மாட்டுற இடத்தையும் கவனிக்கணும். நம்ம விமானப்படையோட எஃப்.எல். ரகத்துல குழாய் மூக்கின் மேல்பக்கம் நடுவுல இருக்கும். பின்னால வந்த எம், பிஸ் ரகங்கள்ல விமானியோட வலதுபக்கம் தள்ளி இருக்கும்.

செய்முறை 2: காக்பிட்

டேஷ்போர்டுக்கு சாண்ட்விச் முறைதான் சிறந்தது. மூணு அடுக்கு. மேல, துளை போட்ட மெல்லிய பிளாஸ்டிக் அட்டை. நடுவுல, ஒளி ஊடுருவும் ஓஎச்பி ஷீட். அடியில, டயல் படம் அச்சிட்ட தாள். 80 மி.மீ. டயல் 1/48-ல 1.7 மி.மீ. ஆகும். படத்தை அந்த அளவுக்குச் சுருக்கி லேசர் பிரிண்டர்ல எடுத்தா முள்ளும் எண் கோடும் கூட லேசாத் தெரியும். இன்க்ஜெட் கசியும், வேண்டாம்.

சீட் பெல்ட் சுமார் 45 மி.மீ. அகலம்னா 1/48-ல 0.9 மி.மீ. மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடி மேல ஒட்டி, புது பிளேடால பட்டையா வெட்டுங்க. பக்கிளுக்கு 40 நம்பர் கம்பியைச் சதுரமா மடிச்சு டேப்பை அதுக்குள்ள கோர்த்திடுங்க. பெல்ட் விறைப்பா இருக்கக் கூடாது. சீட் மேல தொய்ஞ்சு, மடிஞ்சு கிடக்கணும். புவியீர்ப்பும் ஒரு நுணுக்கம்தான்.

மிக்-21 காக்பிட்டோட நிறம் கறுப்பு இல்லை, ஒருவித நீலப்பச்சை. சோவியத் விமானங்களுக்கே உரிய நிறம். அதை அடிச்சாலே பாதி வேலை முடிஞ்சது.

ஒரு எச்சரிக்கை. ஃபெவிக்விக் ஆவி கண்ணாடிப் பாகத்துல பட்டா வெண்புகை படிஞ்சிடும், போகாது. கேனப்பியை ஒட்ட ஃபெவிகால் போதும்.

செய்முறை 3: சக்கர அறை

இங்க குழாய், கம்பி, சட்டம் எல்லாம் பின்னிக் கிடக்கும். நினைவுல இருந்து செய்யாதீங்க. போட்டோவை வெச்சு அளக்கலாம். மிக்-21-ன் பிந்தைய ரகங்கள்ல பிரதான சக்கரத்தோட விட்டம் 800 மி.மீ. போட்டோவுல சக்கரம் 400 பிக்சல்னா ஒரு பிக்சல் 2 மி.மீ. பக்கத்துல ஓடுற குழாய் 5 பிக்சல்னா 10 மி.மீ. 1/48-ல 0.21 மி.மீ. ஆக, 36 நம்பர் கம்பி. ஒரே நிபந்தனை: சக்கரமும் குழாயும் கேமராவுல இருந்து கிட்டத்தட்ட ஒரே தூரத்துல இருக்கணும். இல்லைன்னா பெர்ஸ்பெக்டிவ் ஏமாத்திடும்.

கோணலா இருக்கிற கம்பியைக் கண்ணாடி மேல வெச்சு, மேல ஸ்டீல் ஸ்கேலை அழுத்தி உருட்டினா நேராகிடும். கதவுகளைப் பிளாஸ்டிக்கை விட்டுட்டு, மாத்திரைத் தாளை ரெண்டு மூணு அடுக்கா ஒட்டிச் செய்யுங்க. ஒவ்வொரு பாகத்தையும் சேர்க்கும்போது உடல் ரெண்டு பாதியும் மூடுதான்னு ஒட்டாம வெச்சுப் பாருங்க. உள்ள நீங்க சேர்த்த கால் மில்லிமீட்டர் தகடு வெளிய ஒரு பிளவாத் தெரியும். டாலரன்ஸ் பத்தி கிளாஸ்ல படிச்சது இங்க விரல்ல தெரியும்.

இதுல என்ன பெரிய விஷயம்?

சரி, மூடினா தெரியாத இடத்துக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்? திருச்செந்தூர் ரோட்டுல கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போயிருப்பீங்க. அங்க சிலைகளோட கையில நகமும் நரம்பும் வரைக்கும் செதுக்கியிருக்காங்க. அதைப் பார்த்த யாரும் "எதுக்கு?"ன்னு கேட்கிறதில்லை. ஆனா அழகைத் தாண்டி நமக்கு இன்னொரு காரணம் இருக்கு.

மிக்-21 இந்திய விமானப்படையில் 1963-ல் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. 62 வருஷம். 1971 போரில் பறந்தது. பெரும்பாலானவற்றை எச்.ஏ.எல். இங்கேயே உரிமம் பெற்றுத் தயாரித்தது. விபத்துகளில் பல விமானிகளின் உயிரையும் எடுத்தது. பெருமையும் துக்கமும் சேர்ந்த விமானம். ஆனா கடையில கிடைக்கிற பெரும்பாலான கிட் வெளிநாட்டுக்காரங்க அவங்க நாட்டு விமானத்தை அளந்து செஞ்சது. நம்ம மாற்றங்கள் அதுல இருக்காது.

உதாரணத்துக்கு, கடைசி வரைக்கும் பறந்த பைசன். சாதாரண பிஸ் ரகத்துல முன் கண்ணாடிக்கு உலோகச் சட்டங்கள் உண்டு. பைசன்ல சட்டமே இல்லாத ஒற்றைக் கண்ணாடி. கிட்ல வர்ற சட்டம் போட்ட கண்ணாடியை அப்படியே ஒட்டி, மேல மூவர்ண வட்டம் போட்டா அது பைசன் ஆகாது. தீர்வு இருக்கு. அந்த வடிவத்தை மரத்துல செதுக்கி, நல்லா வழவழப்பாத் தேய்ச்சு, தண்ணி பாட்டிலுக்குள்ள வெச்சு ஹீட் கன்ல சூடு காட்டுங்க. பெட் பாட்டில் சுருங்கி அச்சை இறுக்கிப் பிடிக்கும். வெட்டி எடுத்தா கண்ணாடி ரெடி. முதல் ரெண்டு மூணு பாட்டில் வீணாகும். பாட்டில் தானே!

இன்னொரு உதாரணம் எச்.எஃப்.-24 மாருத். ஃபோக்க-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்த ஜெர்மன் பொறியாளர் குர்ட் டாங்க், பெங்களூரு எச்.ஏ.எல்.-ல் நம்ம பொறியாளர்களோட சேர்ந்து உருவாக்கியது. 1961 ஜூன் 17-ல் முதல் பறப்பு. மொத்தம் 147 விமானங்கள். அதுக்கு முன்னாடி அவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? எஞ்சின் இல்லாத, முழு அளவு மர கிளைடர் ஒண்ணைச் செஞ்சு, டகோட்டா விமானத்துல கட்டி இழுத்துப் பறக்கவிட்டுச் சோதிச்சாங்க. யோசிச்சுப் பாருங்க: 1/1 அளவுல ஒரு ஸ்க்ராட்ச் பில்ட் மாடல்! மாடல் செய்றது விளையாட்டு, எஞ்சினியரிங் வேறன்னு யாராவது சொன்னா இந்தக் கதையைச் சொல்லுங்க.

மாருத்துக்கு கிட்டே அரிது, ரெடிமேட் நுணுக்கப் பாகங்கள் அதைவிட அரிது. செய்யணும்னா நாமதான் அளந்து செய்யணும். 9 மீட்டர் இறக்கை 1/72-ல 125 மி.மீ., 15.87 மீட்டர் நீளம் 220 மி.மீ. நம்ம ஊர்ல விமான நிலையமே கிடையாது, வாகைக்குளம்தான் போகணும். ஆனா பெங்களூருக்கு ஒரு ராத்திரிப் பயணம். கஸ்தூர்பா ரோட்டுல விஸ்வேஸ்வரய்யா மியூசியத்துலயும், எச்.ஏ.எல். மியூசியத்துலயும் மாருத் நிக்குது. போறப்ப ஒரு ஸ்டீல் ஸ்கேலை பையில போட்டுக்கோங்க. முன்பக்கம் நின்னு செல்ஃபி எடுத்தது போதும். குனிஞ்சு சக்கர அறையை, கதவோட உள்பக்கத்தை, எஞ்சின் புகைவாயை எடுங்க. அனுமதி கிடைச்சா ஸ்கேலைப் பக்கத்துல பிடிச்சு எடுங்க. வெயில்லயும் மழையிலயும் நிக்கிற விமானத்துல வருஷா வருஷம் ஏதாவது ஒரு பாகம் துருப்பிடிக்கும், அல்லது மேல பெயின்ட் அடிச்சு மூடிடுவாங்க. நீங்க எடுத்த போட்டோவே நாளைக்கு ஆதாரமா ஆகலாம்.

ஆரம்பிக்கிறவங்களுக்கு

முதல் மாடல்லயே எல்லாத்தையும் செய்யணும்னு கிளம்பாதீங்க. பெட்டி பரணுக்குப் போயிடும். வரிசை இதுதான்:

1. பின் விளிம்பைத் தேய்ச்சு மெலிசாக்குங்க.
2. பிடாட் குழாயை ஊசியில செய்யுங்க.
3. சீட் பெல்ட் போடுங்க.
4. ஒரே ஒரு சக்கரத்துக்கு பிரேக் குழாய் ஓட்டுங்க.

நாலுக்கும் சேர்த்து ரெண்டு வார இறுதி போதும். அடுத்த மாடல்ல டேஷ்போர்டு, அதுக்கடுத்து சக்கர அறை.

கடைசியா ஒண்ணு. மாடல் முடிஞ்சதும் அடிப்பலகைக்குப் பின்னால ஒரு சின்ன அட்டை ஒட்டுங்க. எந்த ரகம், எந்த வரிசை எண், எந்தப் போட்டோவைப் பார்த்து எந்தப் பாகத்தைச் செஞ்சீங்க, எதை ஊகிச்சீங்கன்னு எழுதுங்க. ஊகிச்சதை ஊகம்னே எழுதுங்க. அந்த அட்டை இல்லைன்னா அது அழகான பொம்மை. இருந்தா, நாளைக்கு நிஜ விமானம் ஒண்ணும் மிஞ்சாத காலத்துல ஒரு ஜூனியர் வந்து ஸ்கேல் வெச்சு அளக்கக்கூடிய ஆவணம்.